ஆறு கை போதும்

ஆக்டோபஸுக்கு எட்டுக் கை என்பது பள்ளிக்கூடத்துப் பாடம். 1955-இல் ஹாலிவுட்டில் இதை மறுபரிசீலனை செய்தார்கள். படத்தின் பெயர் 'இட் கேம் ஃப்ரம் பினீத் த ஸீ'. கடலடியிலிருந்து கிளம்பி வரும் ராட்சத ஆக்டோபஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கட்டிப்பிடித்து முறிக்கவேண்டும். பொம்மையைச் செய்து பிரேம் பிரேமாக நகர்த்திப் படம்பிடிக்கிற பொறுப்பு ரே ஹாரிஹவுசனுடையது. அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கை கூடினால் வேலை கூடும், வேலை கூடினால் நாள் கூடும், நாள் கூடினால் மேலே உட்கார்ந்திருக்கும் தயாரிப்பாளர் சாம் காட்ஸ்மனுக்கு ரத்தக்கொதிப்பு கூடும். ஹாரிஹவுசன் ஆறு கையோடு நிறுத்திக்கொண்டார். மீதி இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும் என்று ஜனங்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள். பாலம் இடிந்துவிழுகிற நேரத்தில் யார் கையை எண்ணிக்கொண்டிருக்கப் போகிறார்கள்?

பழைய படங்களின் சொத்தைத் தந்திரக் காட்சிகளைப் பார்த்துவிட்டு, "பாவம், அந்தக் காலத்தில் டெக்னாலஜி இல்லை" என்று உச்சுக்கொட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. 1933-லேயே கிங் காங் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்று விமானங்களைப் பிடித்துப் போட்டாயிற்று. வித்தை இருந்தது. அதற்குக் காசு எடுக்கத்தான் மனசு வரவில்லை. அப்படி மிச்சம் பிடித்த காசு எங்கேயும் போய்விடாது. அந்தப் பொம்மைக்கு எதிரே நின்று 'ஐயோ' என்று அலறவேண்டிய நடிகரின் மானத்திலிருந்து அது வசூலிக்கப்படும்.

அதிகமாக வசூலிக்கப்பட்டவர் ஜெஃப் மாரோ. மேடையிலிருந்து வந்த நல்ல நடிகர். 'த ரோப்' படத்தில் ரோமானியப் படை அதிகாரி, 'திஸ் ஐலண்ட் எர்த்' படத்தில் நெற்றி உயர்ந்த வேற்றுக்கிரகவாசி. அவரை 1957-இல் காட்ஸ்மன் ஒரு படத்துக்குக் கூப்பிட்டார். படம் 'த ஜெயன்ட் க்ளா'. ஒரு ராட்சதப் பறவை விண்வெளியிலிருந்து வந்து பூமியைச் சூறையாடுகிறது. இயக்குநர் ஃபிரெட் சியர்ஸ், முந்தின வருஷம்தான் ஹாரிஹவுசனின் பறக்கும் தட்டுகளை வைத்து வாஷிங்டனை இடித்துத் தள்ளியவர். இந்தப் பறவைக்கும் முதலில் ஹாரிஹவுசனைத்தான் நினைத்திருந்தார்கள், கட்டுப்படியாகவில்லை என்பார்கள். படப்பிடிப்பு முதலில் நடக்கட்டும், பறவை பிறகு வரும் என்று ஏற்பாடாயிற்று.

ஆகவே மாரோவும் கதாநாயகி மாரா கோர்டேயும் வெறும் வானத்தைப் பார்த்துப் பயந்தார்கள். அதுவும் எப்படிப் பயந்தார்கள்! வழவழவென்று, கண்ணில் படாத வேகத்தில் பாய்கிற ஒரு பருந்து வரப்போகிறது என்று மாரோ மனசுக்குள் ஒரு படம் போட்டு வைத்திருந்தார். அதற்கேற்ற கௌரவமான பயம் அவருடையது. கண்ணைச் சுருக்குவார், தாடையை இறுக்குவார், 'போர்க்கப்பல் அளவு இருக்கும்' என்பார். பக்கத்திலிருக்கிறவரும் 'போர்க்கப்பல் அளவா?' என்பார். படத்தில் இந்தப் போர்க்கப்பல் இத்தனை தடவை வருகிறதே, அமெரிக்கக் கடற்படை ராயல்டி கேட்டிருக்கலாம்.

பறவையின் விஞ்ஞானம் அலாதி. கலிபோர்னியாவில் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் எதிர்-புரோட்டானைக் கண்டுபிடித்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பேப்பரில் வந்ததைக் கதாசிரியர்கள் சுடச்சுட எடுத்துக்கொண்டார்கள். பறவை எதிர்ப்பொருளால் ஆன ஒரு கவசத்தை மாட்டிக்கொண்டு வருகிறதாம். அதனால் ரேடாரில் தெரியாது, குண்டு துளைக்காது, ராக்கெட் அண்டாது. ஒரு விஞ்ஞானி வந்து நின்று, நமக்குப் புரியவேண்டுமே என்று விலாவாரியாக விளக்குகிறார். முட்டையிடத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று வேறு கண்டுபிடிக்கிறார்கள். பிரபஞ்சம் முழுக்க அதற்கு வேறு இடமே கிடைக்கவில்லை.

இப்படி ஏற்றி ஏற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் பறவையைக் காட்டுகிறார்கள்.

மெக்ஸிகோவில் மலிவாகச் செய்து வாங்கிய பொம்மை என்று சொல்லப்படுகிறது. மெக்ஸிகோவின் கைவினைஞர்கள் உலகப் புகழ் பெற்றவர்கள்; இதைச் செய்தவர் எப்படித் தப்பினார் என்று தெரியவில்லை. கழுகுக்கு உரிய கழுத்து, வான்கோழிக்கு உரிய முகம். விரிந்து விரிந்து மூடும் மூக்குத்துவாரம். அலகுக்குள் பல்வரிசை. உச்சந்தலையில் தேய்ந்த துடைப்பத்தைக் குத்திவைத்தது போல ஒரு கொண்டை. இரண்டு கண்ணும் உருண்டு திரண்டு, எதையோ மறந்துவிட்டு யோசிக்கிற பாவனையில் விழிக்கின்றன. ராக்கெட் துளைக்காத அந்தக் கவசத்தைத் துளைத்துக்கொண்டு நாலைந்து கம்பிகள் மேலே போகின்றன, அவற்றுக்கு மட்டும் எதிர்ப்பொருள் விதிவிலக்கு அளித்திருக்கிறது. இது பாராசூட்டில் தொங்குகிற ஆட்களைக் கொத்திக் கொத்தி மெல்லுகிறது. நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் மேலே உட்கார்ந்து செங்கல்லைப் பெயர்க்கிறது. ஐக்கிய நாடுகள் சபையையும் விட்டுவைக்கவில்லை.

மாரோ இதைப் பார்த்தது, படம் வெளியானபிறகு, தியேட்டரில், கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்து. பிற்காலத்தில் ஒரு பேட்டியில் அவரே விவரமாகச் சொல்லியிருக்கிறார். தான் திரையில் தோன்றும்போதெல்லாம் அரங்கம் உன்னிப்பாகக் கவனிக்கிறது. பறவை தோன்றியதும் கொல்லென்று சிரிக்கிறது. மறுபடி இவர், தாடை இறுக்கம், நிசப்தம். மறுபடி பறவை, மறுபடி சிரிப்பு. மனிதர் சீட்டில் சரிந்து சரிந்து உட்கார்ந்து பார்த்தார், முடியவில்லை. யாராவது அடையாளம் கண்டுகொள்வதற்குள் பாதியிலேயே நழுவி வீட்டுக்குப் போய்க் குடிக்க ஆரம்பித்தாராம். நான் என்றால் காட்ஸ்மன் வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவர் சுமாராக நடித்திருந்தால் இந்தக் கதி இல்லை. நடிகரும் மட்டம், பறவையும் மட்டம் என்றால் ரசிகன் சமாதானமாகிவிடுவான். இவர் ஷேக்ஸ்பியர் நாடகத்துக்கு உண்டான சிரத்தையோடு கண்ணைச் சுருக்கிவிட்டார். படத்தில் உருப்படியான ஷாட் கடைசியில் வருகிறது: எல்லாம் முடிந்து, ஒரே ஒரு கால் நகம் மட்டும் அட்லாண்டிக்கில் மெல்ல மூழ்குகிறது. பறவையின் முகம் தெரியாததால் அது தப்பித்தது.

காட்ஸ்மன் கொடுத்துவைத்தவர், அவருக்குப் பொம்மைக்காவது பணம் இருந்தது. 1953-இல் 'ரோபோ மான்ஸ்டர்' எடுத்த ஃபில் டக்கருக்கு அதுவும் இல்லை. மொத்தச் செலவு சுமார் 16,000 டாலர், படப்பிடிப்பு நாலு நாள். தலைப்பில் ரோபோ இருக்கிறது, ரோபோ உடை வாங்கக் காசில்லை. ஆனால் ஜார்ஜ் பாரோஸ் என்ற நண்பர் இருந்தார். அவரிடம் சொந்தமாக ஒரு கொரில்லா உடை இருந்தது, அதை மாட்டிக்கொண்டு படங்களில் கொரில்லாவாக வருவதுதான் அவர் தொழில். கொரில்லா உடம்பு, தலைக்கு மேலே முக்குளிப்பவர்கள் மாட்டும் ஹெல்மெட், அதில் இரண்டு ஆன்டெனா. ரோபோ தயார். இந்த ரோபோ மனித குலத்தையே அழித்துவிட்டு, பாக்கி இருக்கும் எட்டுப் பேரைத் தேடிப் பாறைகளுக்கு இடையே மூச்சிரைக்க நடக்கிறது. அதன் தலைமையகம் ஒரு குகை. குகை வாசலில் வேற்றுலக விஞ்ஞானத்தின் சின்னமாக ஒரு இயந்திரம் சோப்புக்குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. எதற்கு என்று கடைசிவரை யாரும் கேட்பதில்லை. சோப்புக்குமிழி இயந்திரம் தந்த கம்பெனிக்கு டைட்டில் கார்டில் தனியாக நன்றி உண்டு. இசை, எல்மர் பெர்ன்ஸ்டைன்! 'டென் கமாண்ட்மென்ட்ஸ்', 'மேக்னிஃபிசென்ட் செவன்' படங்களுக்கு இசையமைத்த அதே மகானுபாவர். இடதுசாரி வாடை அடிக்கிறது என்று பெரிய ஸ்டூடியோக்கள் அவரை ஒதுக்கிவைத்திருந்த நேரம். கொரில்லா நடந்துவருகிறது என்பதை மறந்துவிட்டு, பிரளயமே நடந்துவருகிறது என்று நினைத்து அவர் வாசித்திருக்கிறார்.

இன்னொருவருக்கு நேர்ந்தது சிரிப்பை மீறியது. 1931-இல் டிராகுலாவாக நின்று உலகத்தைத் தூங்கவிடாமல் செய்த பெலா லுகோஸி, எழுபது தாண்டிய வயதில் எட் வுட்டின் 'பிரைட் ஆஃப் த மான்ஸ்டர்' படத்துக்கு வந்து சேர்ந்தார். அதில் ஒரு ராட்சத ஆக்டோபஸ். ஜான் வெய்ன் படம் ஒன்றுக்காக ரிபப்ளிக் ஸ்டூடியோ செய்துவைத்திருந்த ரப்பர் உருப்படி அது. வாடகைக்கு எடுத்தார்கள் என்பாரும் உண்டு, ராத்திரியோடு ராத்திரியாகத் தூக்கிவந்தார்கள் என்பாரும் உண்டு. எப்படி வந்ததோ, அதை அசைக்கும் மோட்டார் கூடவே வரவில்லை என்பதில் இரு தரப்பும் ஒற்றுமை. ஆக, முழங்கால் தண்ணீரில் கிடக்கும் செத்த ரப்பரோடு மல்லுக்கட்டவேண்டும். பெரியவருக்கும் அவருடைய டூப்புக்கும் வேறு வழியில்லை, ஆக்டோபஸின் கையைத் தாங்களே தூக்கித் தங்கள் கழுத்தில் சுற்றிக்கொண்டு, தாங்களே அதை உதறி, தாங்களே அலறவேண்டும். கொலை செய்வதும் செத்துப்போவதும் ஒரே ஆள், சம்பளம் மட்டும் இரண்டு இல்லை.

1994-இல் டிம் பர்ட்டன் இந்தக் கூத்தையெல்லாம் 'எட் வுட்' என்று படமாகவே எடுத்தார். அதில் லுகோஸியாக வந்து, அசையாத ஆக்டோபஸோடு தண்ணீரில் புரண்ட மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. அசலுக்கு ஒரு துண்டு கூடக் கிடைத்திருக்குமா, சந்தேகம்தான்.

அமெரிக்கக்காரன் கஞ்சத்தனம் அவனோடு போகட்டும் என்று இருந்துவிட முடியாதபடி இதில் சேலத்துக்கும் பங்கு இருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் 1952-இல் ஹாலிவுட்டோடு கூட்டுச்சேர்ந்து 'த ஜங்கிள்' எடுத்தார், நம்மவர்களுக்கு 'காடு'. இயக்கம் வில்லியம் பெர்க், நடிப்பு ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர், கூடவே நம் எம்.என். நம்பியார். காட்டு மிருகங்கள் எல்லாம் எதையோ கண்டு மிரண்டு ஓடுகின்றன. என்னவென்று பார்க்க ஒரு கூட்டம் காட்டுக்குள் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. கடைசியில் பார்த்தால், பனியுகத்தோடு மறைந்துபோன மாமூத் யானைகள் கூட்டமாக நிற்கின்றன!

அவற்றை எப்படிச் செய்தார்கள்? யானையைப் பிடித்து ரோமத்தைப் போர்த்திவிட்டார்கள். அவ்வளவுதான். மாமூத்துக்கு ரோமம் முளைத்தது சைபீரியக் குளிருக்கு. நம் ஊர் வெயிலில் அதை மாட்டிக்கொண்டு நின்ற யானைகளின் கருத்து எந்த ஆவணத்திலும் பதிவாகவில்லை. இதில் எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. காட்டுப் பாதையில் சாதாரண யானை ஒன்று எதிரே வந்து நின்றாலே நமக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிடும், அதற்கு நடிப்புப் பயிற்சி தேவையில்லை. போர்த்தியதும் அந்த யானைக்கு ஜலதோஷம் போலிருக்கிறதே என்று நமக்குப் பரிதாபம் வந்துவிடுகிறது. செலவு செய்து பயத்தைக் குறைத்த ஒரே தந்திரக் காட்சி இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

நம்பியார் இதற்கெல்லாம் அசரவில்லை. 1963-இல் 'கலை அரசி'யில் அவர் வேற்றுக்கிரகவாசியாகவே வந்தார். விஞ்ஞானத்தில் நம்மைப் பல படி தாண்டிவிட்ட கிரகம், ஆனால் அங்கே பாட்டு வராது, ஆகவே பூமிக்கு வந்து பானுமதியைக் கடத்திக்கொண்டு போகிறார்கள். மீட்க எம்.ஜி.ஆர். விண்கலம் ஏறுகிறார். இருவர் முகத்திலும் துளி கூச்சம் கிடையாது. நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் கம்பெனி, எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. படுதாவில் தீட்டிய அரண்மனையை அரண்மனை என்றும், அதே படுதாவைத் திருப்பிப் போட்டால் காடு என்றும் பிள்ளைப் பிராயத்திலிருந்தே நம்பிப் பழகியவர்கள். அட்டைப்பெட்டி விண்கலம் அவர்களை என்ன செய்யும்? ஜெஃப் மாரோ நாலு வருஷம் பாய்ஸ் கம்பெனியில் இருந்திருந்தால் அன்றைக்கு அந்தத் தியேட்டரில் முழுப்படமும் பார்த்துவிட்டே எழுந்திருப்பார்.

அந்தப் பறவை பறந்த அதே 1957-இல்தான் இங்கே கே.வி. ரெட்டியின் 'மாயா பஜார்' வந்தது. கல்யாண விருந்தை எஸ்.வி. ரங்காராவ் ஒற்றை ஆளாகக் காலிசெய்கிறார், லட்டுகள் தாமாகவே எழும்பி வாய்க்குள் போகின்றன. மார்கஸ் பார்ட்லியின் கேமரா வித்தை பெரிதுதான். ஆனால் நாம் லட்டையா பார்க்கிறோம்? அடுத்த லட்டு வரும் என்று அந்த மனுஷனின் கண்ணில் இருக்கிற நம்பிக்கையைப் பார்க்கிறோம். அதே படத்தில் கடோத்கஜன் மாயத்தால் வத்ஸலாவாக மாறுகிறான். மாறியபிறகு சாவித்திரி தோளை விரித்து, மீசை இல்லாத இடத்தில் மீசையை முறுக்குகிற தோரணையில் நடந்துவருகிறார். தந்திரக் காட்சிக்கு அன்றைக்கு ஆன செலவு பூஜ்யம்.

இந்தக் கணக்கை வேறு பக்கத்திலிருந்து தீர்த்தவர் விட்டலாச்சார்யா. பேய் தன் காலையே அடுப்பில் விறகாக வைத்துச் சமைக்கும் 'ஜகன்மோகினி'யைத் தந்தவர். தெலுங்கில் எடுத்தாலும் தமிழ்நாட்டு டூரிங் கொட்டகைகளின் குலதெய்வம் அவர்தான். அவரைப் பற்றிக் கோடம்பாக்கத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. ஹீரோ சம்பளத்தை ஏற்றிக் கேட்டாலோ, கால்ஷீட் தராமல் இழுத்தடித்தாலோ, ஆச்சார்யா சண்டைக்குப் போகமாட்டார். அடுத்த சீனில் ஒரு முனிவர் வருவார், ஹீரோ எதற்கோ அவரைக் கோபப்படுத்துவார், கமண்டலத்திலிருந்து ஒரு கை தண்ணீர், ஒரு புகை. ஹீரோ ஆடாகவோ கிளியாகவோ மாறிவிடுவார். மீதிப் படம் அதை வைத்து நடக்கும். காட்ஸ்மன் நடிகரை வைத்துக்கொண்டு மிருகத்தில் மிச்சம் பிடித்தார். இவர் மிருகத்தை வைத்துக்கொண்டு நடிகரை மிச்சம் பிடித்தார். ஆடு டயலாக்கை மாற்றச் சொல்லாது, படம் பார்க்க வந்து பாதியில் எழுந்தும் போகாது. கதாநாயகி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு 'நாதா' என்று அழுதால், டூரிங் கொட்டகையின் மணல்தரையில் பெண்கள் பகுதி மொத்தமும் கூடச் சேர்ந்து அழும். ஒரு கட்டு அகத்திக்கீரையோடு அன்றைய பேட்டாவும் தீர்ந்தது.