பகடை விவகார மீமாம்சை

ஆராய்ச்சிக்குரிய பொருள்களில் பெரியனவற்றையெல்லாம் பெரியோர் எடுத்துக்கொண்டுவிட்டபடியால், எளியோருக்கு எஞ்சியிருப்பவை சில்லறை விஷயங்களே. அவற்றுள்ளும், ஒரு மேஜையைச் சுற்றி அமர்ந்து, கையில் பென்சிலும் எதிரில் பகடையுமாக, தம்மை வாள்வீரர் என்றும் மந்திரவாதி என்றும் திருடர் என்றும் பாவித்துக்கொள்ளும் வயது வந்த மனிதர்கள், இல்லாத ஒரு குகையில், இல்லாத ஒரு பூதத்தின் மீது எறிந்த இல்லாத ஈட்டி பட்டதா படவில்லையா என்று நள்ளிரவு கடந்தும் தொண்டை வறள வாதாடுகிறார்களே, அந்த வாதத்தின் தத்துவத்தை முறைப்படி ஆராய எவரும் முன்வராதது வருந்தத்தக்கது. அக்குறையை ஒருவாறு நீக்குவதே இக்கட்டுரையின் பிரயோஜனம்.

ஆட்டத்தின் சொரூபத்தை முதலில் நிர்ணயித்துக்கொள்வோம். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது இவ்வகை ஆட்டங்களுக்கெல்லாம் மூத்தது. பிறவற்றையும் அதைக் கொண்டே அறியலாம். நான்கைந்து பேர் கூடுகிறார்கள். அவர்களில் ஒருவர் 'டன்ஜன் மாஸ்டர்' என்ற பதவியை ஏற்று, ஓர் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அமர்ந்து, மலை, காடு, அரசன், அரக்கன், மழை, சத்திரக்காரன் ஆகிய சகல சராசரங்களுக்கும் தாமே பொறுப்பேற்கிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை வரித்துக்கொண்டு, அந்த உலகத்தில் தாம் செய்வதை வாயால் சொல்கிறார்கள். சொன்னது பலிக்குமா என்ற ஐயம் எழுமிடத்து இருபது முகப் பகடை உருள்கிறது. முடிவில் வென்றவர் என்றோ தோற்றவர் என்றோ எவரும் இல்லை. வெற்றி தோல்வி இல்லாத இடத்தில் வழக்கு ஏன் எழவேண்டும் என்பது பூர்வபட்சம். சதுரங்கக் குதிரைக்கு எங்கே நின்றாலும் எட்டுக் கட்டங்களுக்கு மேல் போக்கிடம் இல்லையாதலால் அங்கே சண்டைக்கு இடமில்லை. இங்கோ ஆடுபவர் தம் மனத்தில் தோன்றிய எதையும் முயலலாம். மனத்தில் தோன்றக்கூடியவை அனந்தம், விதிப்புத்தகத்தின் பக்கங்களோ எண்ணிக்கைக்கு உட்பட்டவை. இந்த வித்தியாசமே விவகாரத்தின் உற்பத்தி ஸ்தானம் என்பது சித்தாந்தம்.

இதன் வம்சாவளி பிரஷ்ய நாட்டு ராணுவத்தில் தொடங்குகிறது என்றால் சிலர் நம்பத் தயங்குவர். 1812-ல் ரைஸ்விட்ஸ் என்ற பிரபு, போர்க்களத்தை ஒரு மேஜையின் அளவுக்குச் சுருக்கி, பிரஷ்ய மன்னருக்குக் காட்டினார். பீரங்கிப்படை அதிகாரியான அவர் மகன் 1824-ல் அதைத் திருத்தி, நிலப்படத்தின் மீது படைகளைக் குறிக்கும் கட்டைகளை நகர்த்தி, சேதத்தைப் பகடையாலும் அட்டவணையாலும் கணித்து, இரு தரப்புக்கும் நடுவே ஒரு மத்தியஸ்தரை அமர்த்தும் முறையை அச்சிட்டு வெளியிட்டார். படைத் தலைமையகத்தின் அதிபதியான மியூஃப்லிங், அசிரத்தையோடு பார்க்க ஆரம்பித்தவர், முடிவில் இது விளையாட்டே அல்ல, யுத்தத்துக்குரிய பயிற்சி என்று வியந்து, படைப்பிரிவுகளுக்கெல்லாம் சிபாரிசு செய்தார்.

அதன் பின் நடந்ததே நம் ஆராய்ச்சிக்கு உயிர்நிலை. புத்தகத்தில் இல்லாத நிலைமை எழுந்தபோதெல்லாம் புத்தகத்தில் ஒரு விதி சேர்ந்தது. சேர்ந்த விதிக்கு விலக்கு வேண்டியிருந்தது. விலக்குக்கு அட்டவணை வேண்டியிருந்தது. ஐம்பது ஆண்டுகளில், கற்பனைக் குதிரைப்படை ஒரு கற்பனை ஓடையைக் கடப்பதற்குள் மெய்யான அதிகாரிகள் மெய்யாகவே கொட்டாவி விடும் நிலை வந்துவிட்டது. 1876-ல் வெர்டி டு வெர்னுவா என்ற தளபதி இதைக் கண்டு, அட்டவணையையும் பகடையையும் ஒருசேர ஒதுக்கிவிட்டு, அனுபவம் முதிர்ந்த மத்தியஸ்தர் சொல்வதே தீர்ப்பு என்று கொள்ளலாம் என எழுதினார். மத்தியஸ்தர் பட்சபாதியாக இருந்தால் என்ன செய்வது என்று உடனே கேட்கத் தோன்றும். புத்தகம் பெரிதா, மத்தியஸ்தர் பெரியவரா என்ற இந்த ஒற்றை வழக்கே, வேஷம் மாற்றிக்கொண்டு, இன்றும் ஒவ்வொரு மேஜையிலும் விசாரணையில் இருக்கிறது. வாதிப் பிரதிவாதிகளின் பெயர்தான் மாறுகிறது.

இவ்வழக்கு அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்த விதமும் சுவையானது. டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880-ல் இயற்றிய 'ஸ்ட்ராட்டிகோஸ்' என்னும் போர்விளையாட்டு நூல், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞரின் கையில் அகப்பட்டது. ஆடுபவர் எதையும் முயலலாம், பலிக்குமா என்பதை மத்தியஸ்தர் தீர்மானிப்பார் என்ற கருத்தை அதிலிருந்து அவர் எடுத்துக்கொண்டார். 1969-ல் பிரான்ஸ்டைன் என்ற கற்பனை ஜெர்மன் ஊரை மையமாக வைத்து ஒரு நெப்போலியன் காலத்துப் போரை நடத்தியபோது, ஆள் அதிகமாக வந்துவிட்டதால், படைத்தலைமை கிடைக்காதவர்களுக்கு ஊர்ப் பிரமுகர் முதலிய தனித்தனி வேடங்களை வழங்கினார். அவர்கள் போரை மறந்து, மூலைக்கு மூலை சதியாலோசனை நடத்தினார்கள். எவர் எங்கே இருக்கிறார் என்று மத்தியஸ்தருக்கே தெரியாமல் போயிற்று. ஆட்டம் பாழாயிற்று என்று வெஸ்லி மனம் நொந்திருக்க, வந்தவர்களோ அடுத்தது எப்போது என்று கேட்டார்களாம்.

அவ்வட்டத்தில் டேவ் ஆர்னெசன் என்று ஒருவர் இருந்தார். பின்னொரு நாள் லத்தீன் அமெரிக்கக் கற்பனைக் குடியரசு ஒன்றில் நடந்த ஆட்டத்தில், துண்டுப் பிரசுரம் விநியோகிக்கும் மாணவப் புரட்சிக்காரர் வேடம் அவருக்குக் கிடைத்தது. மனிதர் சி.ஐ.ஏ. உளவாளி என்று ஒரு பொய் அடையாள அட்டையைத் தயாரித்துக்கொண்டு வந்து, உடன் ஆடியவர்களையெல்லாம் நம்பவைத்து, நாட்டின் கஜானாவோடு ஹெலிகாப்டரில் ஏறி, போகிற போக்கில் துண்டுப் பிரசுரங்களையும் மேலிருந்து கொட்டிவிட்டுப் போனார் என்பது அவ்வட்டத்தார் சொல்லிவரும் வரலாறு. எந்த விதியிலும் இல்லாத காரியம் இது. தொல்லை தரும் ஆட்டக்காரர் என்று எவரையேனும் சரித்திரத்தின் முதல் பக்கத்தில் எழுதவேண்டுமானால் இவரையே எழுதவேண்டும். ஆனால் இதே ஆர்னெசன்தான், விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்ற ஏரிக்கரை ஊரிலிருந்த கேரி கைகாக்ஸுடன் சேர்ந்து, 1974-ல் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூலை இயற்றியவர். தொல்லைக்காரர் இந்த ஆட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த வியாதி என்று கருதுவோர் இந்த ஜாதகத்தை ஒருமுறை பார்ப்பது நலம்.

முதற் பதிப்பு ஓராயிரம் பிரதிகள். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர். சூத்திரங்களுக்கே உரிய சுருக்கமும், சூத்திரங்களுக்கே உரிய தெளிவின்மையும் அவற்றில் இருந்தன. தெரியாததை நீங்களே கற்பித்துக்கொள்ளுங்கள், உங்களுக்காக நாங்கள் ஏன் கற்பிக்கவேண்டும் என்ற பொருள்பட முடிவுரையும் எழுதியிருந்தார்கள். வாசகர்களோ கற்பித்துக்கொள்வதை விட்டுக் கடிதம் எழுதலானார்கள். 1978-லும் 1979-லும் 'அட்வான்ஸ்டு' என்ற அடைமொழியோடு பருத்த பாஷ்யங்கள் வந்தன. பாஷ்யம் வந்தால் ஐயம் குறையவேண்டும் அல்லவா? அதே 1979-ல் 'தி டிராகன்' பத்திரிகை, விதிகளைப் பற்றிய ஐயங்களுக்கு விடை கூறுவதற்கென்றே ஒரு பகுதியைத் தொடங்கவேண்டி வந்தது. பிரஷ்யாவில் ஐம்பது ஆண்டு பிடித்த காரியத்தை அமெரிக்கர்கள் ஐந்தே ஆண்டில் முடித்துவிட்டார்கள்.

இனித் தொல்லைக்காரர் வகை. கிளென் பிளேக்கோ என்பவர் 1980-ல் ஆட்டக்காரரை நால்வகையாகப் பிரித்தார்: பலம் சேர்ப்பதில் இன்பம் காண்பவர், வேடத்தில் இன்பம் காண்பவர், போர்த்தந்திரத்தில் இன்பம் காண்பவர், கதையில் இன்பம் காண்பவர். பிரிவினை நன்றே, எனினும் நால்வரும் நல்லவர்கள். தொல்லைக்காரருள் தாமதமாக வருபவர், தம் முறை வரும்வரை கைப்பேசியில் ஆழ்ந்திருந்துவிட்டு 'இப்போது என்ன நடக்கிறது?' என்று கேட்பவர் முதலானோர் எல்லாக் கூட்டங்களுக்கும் பொதுவானவர்கள்; ஆராய்ச்சிக்கு அருகரல்லர். அருகர் இருவர்.

முதல்வர் விதி வக்கீல். ஆங்கிலேயர் ரூல்ஸ் லாயர் என்பர். இவருடைய கீர்த்திக்குக் காரணமான இரண்டு வழக்குகளைச் சொன்னால் போதும். 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' நூலுக்கு 2003-ல் வந்த திருத்தப் பதிப்பில், நீரில் மூழ்கி மூச்சடைத்தவன் முதற்சுற்றில் நினைவிழப்பான், அவன் உயிர்ப்புள்ளி பூஜ்யம் என்று ஒரு விதி இருந்தது. சண்டையில் அடிபட்டுப் பூஜ்யத்துக்குக் கீழே எட்டுப் புள்ளி போய், இன்னும் இரண்டு போனால் பிணம் என்ற நிலையில் கிடப்பவனைத் தூக்கிவந்து வாளித் தண்ணீரில் முகத்தை அமுக்கினால், விதிப்படி அவன் பூஜ்யத்துக்கு உயர்கிறான். ஆகவே மூழ்கடித்தல் ஒரு சிகிச்சை என்பது வக்கீலின் வாதம். சூத்திரகாரர் கருதியது இறக்கத்தை, எழுதியது எண்ணை. அந்த இடைவெளியில் ஒரு வைத்திய சாஸ்திரமே முளைத்துவிட்டது.

இரண்டாவது வழக்கு இன்னும் கம்பீரமானது. 2,280 கிராமவாசிகளை ஆளுக்கு ஐந்தடி வீதம் ஒரே வரிசையில் நிறுத்துகிறார் வக்கீல். தன் கைக்கு ஈட்டி வந்தவுடன் அடுத்தவனிடம் கொடுக்க ஒவ்வொருவனும் ஆயத்தமாக நிற்பது விதிக்கு உட்பட்டது. ஒரு சுற்று என்பது ஆறு வினாடி என்பதும் விதி. ஆகவே ஈட்டி ஆறே வினாடியில் இரண்டு மைலுக்கும் மேல் கடந்து, ஒலியினும் விரைந்து, கடைசிக் கிராமவாசியின் கையிலிருந்து பாய்ந்து எதிரே நிற்கும் அரக்கனைப் பொடியாக்குகிறது. இந்த வாதத்தின் ஓட்டையைப் பிரமாண நூல் வல்லார் உடனே காண்பர். ஈட்டி கைமாறும் வரை வக்கீல் காட்டுவது ஆகமப் பிரமாணம், அதாவது புத்தகம். ஈட்டி கையை விட்டதும் காட்டுவது அனுமானப் பிரமாணம். அதாவது பௌதிக சாஸ்திரம். புத்தகத்தையே கடைசிவரை பிடித்துக்கொண்டால், எவ்வளவு வேகமாக வந்தாலும் அது ஒரு கிராமவாசி எறிந்த ஈட்டி, ஓர் ஈட்டிக்குரிய சேதமே உண்டு. பௌதிகத்தையே முதலிலிருந்து பிடித்துக்கொண்டால், பத்தாவது ஆளைத் தாண்டுவதற்குள் ஆறு வினாடி தீர்ந்துவிடும். நடுவழியில் பிரமாணம் மாற்றுவதே விதி வக்கீலின் உத்தியோக ரகசியம். ஆட்டக்காரரிடையே உலவிவந்த இவ்வழக்கு அற்பமென்று எண்ணற்க. 2024-ல் வந்த புதிய மாஸ்டர் கையேடு, விதிகள் பௌதிகம் அல்ல என்று ஒரு தலைப்பிட்டு, ஈட்டியைக் கைமாற்றும் கிராமவாசிகளைப் பெயர் சுட்டாத குறையாகத் தள்ளுபடி செய்திருக்கிறது.

இரண்டாமவர் சுபாவவாதி. உறங்கும் தோழரின் பணப்பையைக் கத்தரிப்பார். சமாதானம் பேச வந்த தூதனைக் குத்துவார். ஏன் என்றால், 'நான் என்ன செய்வது, என் பாத்திரத்தின் சுபாவம் அது' என்பார். 1978-ஆம் ஆண்டு நூல், ஒழுங்கு–நடுநிலை–குழப்பம், நன்மை–நடுநிலை–தீமை என்ற இரு அளவைகளைப் பெருக்கி ஒன்பது சுபாவங்களை வகுத்தது. அவற்றில் குழப்பமும் நடுநிலையும் கலந்த ஒன்று இவருக்காகவே அச்சிட்டது போல் அமைந்துவிட்டது. அந்தப் பாத்திரத்தின் சுபாவத்தைப் பேப்பரில் எழுதியவர் யார் என்ற ஒரு கேள்விக்கு இவரிடம் பதில் இல்லை. விதி வக்கீலையாவது மன்னிக்கலாம். அவர் புத்தகத்தைப் படித்திருக்கிறார்.

பரிகாரங்களுள் மிகப் பிரசித்தமானது கைகாக்ஸ் தம் 1979-ஆம் ஆண்டு நூலில் விதித்தது. அடங்காத ஆட்டக்காரரை வெளியேற்றுமுன், அவர் பாத்திரத்தின் தலையில் வானத்திலிருந்து நீல மின்னலை இறக்கலாம். கண்ணுக்குப் புலப்படாமல் வந்து தாக்கும் ஒரு மம்மியை ஏவலாம். அவருடைய வசீகரத்தில் ஒரு புள்ளியை நிரந்தரமாகக் குறைக்கலாம் என்பது அவர் வாக்கு. சங்க மண்டபத்தில் ஆலவாய் அண்ணல் நக்கீரரிடம் நெற்றிக்கண்ணைக் காட்டியதும் இதே நியாயந்தான். அங்கே கண் திறந்த பிறகும் நக்கீரர் வாதத்தை விடவில்லை என்பதை நினைத்தால் பரிகாரத்தின் பலவீனம் புலப்படும். மேஜையில் உள்ள மனிதரின் குணத்துக்கு மேஜையில் இல்லாத பாத்திரத்தைத் தண்டிப்பது, எய்தவன் இருக்க அம்பை நோவதே.

1984-ல் வந்த 'பாரனோயா' என்ற ஆட்டம் வேறு வழி கண்டது. ஒரு கம்ப்யூட்டர் ஆளும் எதிர்கால நகரம் அது, விதிகளைத் தெரிந்துவைத்திருப்பதாகக் காட்டிக்கொள்வதே அங்கு ராஜத்துரோகம், தண்டனை மரணம். விதியைச் சுட்டிக்காட்ட வாய் திறந்தவர் அந்த வாக்கியம் முடியுமுன் சுடப்படுவார். ஒருவருக்கு ஆறு பிரதிகள் உண்டென்பதால் ஆட்டமும் நிற்காது. நீதி சாஸ்திரத்தில் இதற்கு ஈடான எளிமையை நான் கண்டதில்லை. ஆயினும் மற்ற ஆட்டங்களுக்கு இது ஒவ்வாது.

மாஸ்டர்களும் நிரபராதிகள் அல்லர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 1978-ல் அச்சான 'டூம் ஆஃப் ஹாரர்ஸ்' என்ற கைகாக்ஸின் கல்லறையில், சுவரில் ஒரு பச்சை அசுர முகம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. உள்ளே என்ன என்று தலையை நீட்டியவர் இருந்த இடம் தெரியாமல் போகிறார். ஆண்டுக்கணக்கில் வளர்த்த பாத்திரத்தை இப்படிப் பறிகொடுத்தவர் அடுத்த வாரம் விதி வக்கீலாகத் திரும்பிவந்தால், குற்றத்தில் பாதி யாருடையது?

ஆகவே அனுஷ்டானத்துக்கு நான் துணிந்து கூறுவது இவ்வளவே. ஆட்டத்தின் நடுவில் எழுந்த விதி வழக்குக்கு மாஸ்டர் அப்போதே ஒரு தீர்ப்புச் சொல்லிவிடவேண்டும். புத்தகத்தை ஆட்டம் முடிந்த பிறகு புரட்டலாம். தீர்ப்புத் தவறென்று தெரிந்தால் அடுத்த கூட்டத்தில் திருத்திக்கொள்ளலாம். இறந்துபோன பூதம் மட்டும் எழுந்துவரக் கூடாது. சுபாவவாதியைத் தனியே அழைத்து, பாத்திரத்தின் பெயரால் அல்லாமல் அவர் சொந்தப் பெயரால் பேசவேண்டும். இருமுறை பேசியும் பணப்பை கத்தரிக்கப்பட்டால் நாற்காலியை எடுத்துவிடவேண்டும். பொய் அடையாள அட்டையோடு வருகிறவர் எவராவது இருந்தால் அவரை மட்டும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளவும்.

இனி எஞ்சுவது தரையில் விழுந்த பகடையைப் பற்றிய வழக்கு ஒன்றே. மேஜையை விட்டு உருண்டோடி, நாற்காலிக் காலடியில் கிடக்கும் பகடையின் எண் செல்லும் என்று ஒரு சாராரும், செல்லாது என்று ஒரு சாராரும் வாதிப்பர். எண் ஒன்றாயின் செல்லாது என்றும், இருபதாயின் செல்லும் என்றும் ஒரே வாயால் கூறும் மூன்றாம் சாராரே பெரும்பான்மையர். செல்லாது, எடுத்து மறுபடி உருட்டுக.