உழிஞையும் நொச்சியும்: மிதிவண்டிப் பூட்டு குறித்த ஓர் எளிய ஆய்வு

ஆநிரை கவர்வது வெட்சி. கவர்ந்ததை மீட்பது கரந்தை. மதிலை முற்றுவது உழிஞை. மதிலுக்குள் இருந்து காப்பது நொச்சி. தொல்காப்பியம் கரந்தையை வெட்சியிலும் நொச்சியை உழிஞையிலும் அடக்கிவிட, புறப்பொருள் வெண்பாமாலை நான்கையும் தனித்தனித் திணைகளாக்கியது. களவுக்கும் காவலுக்கும் இத்தனை நுணுக்கமாகப் பெயர் வைத்த மரபில் சைக்கிள் திருட்டு எந்தத் திணை என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. இக்குறையே இவ்வாய்வின் தூண்டுகோல். சென்ற தை மாதம் நூலக வாசலில் என் சைக்கிள் காணாமல் போனது தனிப்பட்ட விஷயம்; ஆய்வில் சேராது. பூட்டியிருந்தீர்களா என்று கேட்பவர்களுக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன்: பூட்டியிருந்தேன்.

பூட்டாத சைக்கிள் மாட்டுக்குச் சமம். ஓட்டிக்கொண்டு போய்விடலாம், எனவே வெட்சி. பூட்டிய சைக்கிள் மதில். அதை எடுப்பவன் உழிஞையான். கரந்தைக்கு வாங்கிய ரசீது வேண்டும். என்னிடம் இல்லாததால் அத்திணைக்கு எடுத்துக்காட்டுத் தர இயலவில்லை.

இனி மதிலைப் பார்ப்போம். நம் ஊர்ச் சைக்கிளின் பின்சக்கரத்தைக் கவ்வும் வளையப் பூட்டு எல்லோரும் அறிந்ததே. குமிழைத் தள்ளினால் ஒரு கம்பி ஸ்போக்ஸுகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் செருகிக்கொள்ளும். சாவியைப் போட்டால் ஸ்பிரிங் அதை ‘டக்’கென்று பின்னுக்கு இழுக்கும். சாவி தகரத் துண்டு. வெட்டும் வேறுபாடும் மிகக் குறைவு. நான் படித்த பள்ளியின் சைக்கிள் ஷெட்டில் என் சாவி மேலும் இரண்டு வண்டிகளைத் திறந்தது. அதில் ஒன்று டைனமோ வைத்த வண்டி என்பதால் சில மாலைகள் நன்றாகவே கழிந்தன.

இதைவிடப் பெரிய குறை, இந்தப் பூட்டு சைக்கிளை எதனுடனும் கட்டுவதில்லை என்பது. சக்கரம் சுழலாது, அவ்வளவுதான். கேரியரைப் பிடித்துப் பின்பக்கத்தைத் தூக்கினால் முன்சக்கரத்தில் உருட்டிக்கொண்டு போகலாம். இதைச் சோதிக்க, புதிதாக வாங்கிய பழைய சைக்கிளைக் காய்கறிச் சந்தை வாசலில் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் தூக்கிக்கொண்டு நடந்தேன். தூரம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். தடுத்தவர் எவருமில்லை. பூக்கார அம்மா, “சாவியத் தொலச்சிட்டீங்களா? வீட்ல திட்டுவாங்களே” என்றார். ஒரு கல்லூரிப் பையன் கேரியரின் மறுபக்கத்தைப் பிடித்து ஐம்பது அடி கூடவே வந்தான். நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலர் பேருந்தை நிறுத்தி எனக்கு வழிவிட்டார். இத்தனை மரியாதையோடு நான் வேறெப்போதும் சாலையைக் கடந்ததில்லை.

இது நம் ஊர்க்காரர்களின் இளகிய மனசு மட்டுமல்ல. கேஸி நைஸ்டட் என்ற படமெடுப்பவர் நியூயார்க் தெருக்களில் தன் சைக்கிளின் பூட்டைத் தானே அறுத்து ‘திருடி’, 2012இல் அதைக் குறும்படமாக வெளியிட்டார். பெரும்பாலோர் பார்த்துக்கொண்டே நடந்து போனார்கள். அங்கே கூடவே தூக்கிக்கொண்டு வர ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

அடுத்து நம்பர் பூட்டு. மூன்று சக்கரங்கள், ஆயிரம் எண்கள். ஓர் எண்ணுக்கு இரண்டு வினாடி என்றால் ஆயிரத்தையும் முயல 33 நிமிடம் 20 வினாடி. திருடனுக்கு அத்தனை பொறுமை இருந்தால் அரசுத் தேர்வு எழுதியிருப்பான். ஆனால் கணக்கு இங்கே முடிவதில்லை. என்னையும் சேர்த்து நான் கவனித்தவரை, பூட்டியபின் மூன்று சக்கரத்தையும் கலைப்பவர் அரிது. கடைசிச் சக்கரத்தை மட்டும் ஒரு பல் நகர்த்திவிட்டுப் போவோம். திரும்பி வந்து இருட்டில் தடவித் திறக்கும் சோம்பல். அந்தப் பூட்டுக்கு இரண்டு முயற்சி போதும்: ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம்.

திண்டுக்கல் பூட்டையும் விட்டுவைக்கவில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தக் கைவேலையின் உள்ளே இருப்பவை நெம்புகோல்கள். ஒவ்வொன்றையும் சாவி அதற்குரிய உயரத்துக்குத் தூக்கினால்தான் நாக்கு நகரும். அருமையான பொருள். சங்கிலியோடு அதைச் சைக்கிளில் மாட்டியதும், போகிறவர் வருகிறவரெல்லாம் இதில் அப்படி என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் கழற்றி வீட்டு பீரோவுக்குப் போட்டுவிட்டேன்.

மேலைநாட்டு மதில்களையும் சுருக்கமாகச் சொல்லியாக வேண்டும். 1972இல் கிரிப்டோனைட் நிறுவனத்தின் பூட்டுப் போட்ட ஒரு சைக்கிளை நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் கம்பத்தோடு கட்டி 30 நாள் விட்டார்கள். பூட்டு அசையவில்லை; கழற்ற முடிந்த மற்ற பாகங்கள் எல்லாம் போயின. 2004இல் அந்நிறுவனத்தின் வட்டச் சாவித்துளைப் பூட்டுகள் சாதாரண பால்பாயின்ட் பேனாக் குழாய்க்குத் திறந்துகொள்வது அம்பலமாகி, அவற்றை மாற்றித்தர நேர்ந்தது. 2016இல் ஸ்கங்க்லாக் வந்தது: அறுத்தால் வாந்தி வரவழைக்கும் வாயு பீறிடும். எங்கள் தெருமுனைச் சாக்கடையருகே நிறுத்தினால் திருடனுக்கு வேறுபாடு தெரியாது. 2020இல் பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வாளர்களும் அலுமினிய நுரைக்குள் பீங்கான் உருண்டைகளைப் பதித்து ‘புரோட்டியஸ்’ என்ற பொருளைச் செய்தார்கள். அறுக்க வரும் கிரைண்டர் தகடு உருண்டையில் பட்டு அதிர்ந்து தானே மழுங்கும். எஃகின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்குதான் இருக்கும். வியக்கத்தக்கது, என் சைக்கிளின் விலைக்கு அதில் ஓர் உருண்டை கிடைத்தால் அதிகம்.

இவர்கள் அனைவரும் செய்யும் பிழை ஒன்றே. சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன் கள்வருக்குத் துணையாவன என்று எட்டைச் சொல்கிறான். வஞ்சகன்தான், ஆனால் விஷயம் தெரிந்தவன். அந்த எட்டில் கருவி கடைசியில் வருகிறது. இடமும் காலமும் அதற்கு முன்னால். பூட்டுச் செய்பவர்களோ எட்டாவதோடு மட்டுமே மல்லுக்கு நிற்கிறார்கள். என் புதிய பூட்டு ஆறாவதான இடத்தைத் தாக்குவது.

அதன் பெயர் வால்வுப் பூட்டு. நம் சைக்கிள் டியூபின் வால்வை அருகில் வைத்துப் பார்த்தவர்கள் குறைவு. பக்கவாட்டில் துளையிட்ட குட்டி உலோகக் குச்சி. அதன்மேல் இறுக்கமாக மாட்டிய ரப்பர் உறை, வால்டியூப். பம்ப் அடிக்கும்போது காற்று துளைவழி வந்து ரப்பரை விலக்கி உள்ளே போகும். அடிப்பதை நிறுத்தியதும் உள்ளிருக்கும் காற்றே ரப்பரை அழுத்தி வழியை அடைக்கும். தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் காற்று! இதற்கு ஈடான பொறிநுட்பம் மேற்சொன்ன எதிலும் இல்லை. வளையத்தைத் திருகிக் குச்சியை உருவிப் பையில் போட்டுக்கொண்டால் ஒரு பெருமூச்சோடு சக்கரம் படுத்துவிடும். பூட்டின் எடை ஒரு பாக்குத் துண்டு. செலவு இல்லை.

கருதுகோள் இது: காற்றில்லாத சைக்கிளைத் திருடியவன் அதை ஓட்ட முடியாது. தள்ளிக்கொண்டு பக்கத்துச் சைக்கிள் கடைக்குத்தான் போவான். எங்கள் பகுதியில் கடை ஒன்றுதான். வாடகைச் சைக்கிள் காலத்தில் முகம் தெரியாதவருக்கு வண்டி கொடுக்காமல், மட்கார்டில் நம்பர் எழுதி, நோட்டில் நேரம் குறித்த மனிதர் அதன் உரிமையாளர். தெருவின் அத்தனை வண்டியும் அவருக்கு அத்துப்படி. மாட்டிக்கொள்வான்.

களச்சோதனைக்கு, நெல்லையிலிருந்து வந்திருந்த மச்சினனைத் திருடனாக நியமித்தேன். “என் தம்பியத் திருடனாக்கணும்னு எத்தனை நாள் ஆசை?” என்ற மறுப்பு வீட்டுக்குள்ளிருந்து பதிவாகியது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினான். இருபது நிமிடத்தில் மிதித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

கடைக்காரர் வண்டியைக் கண்டுகொண்டாராம். கேரியரில் தான் கட்டிய கம்பியே அடையாளம். “சார் வண்டியாச்சே! வால்வ எங்க போட்டாரு? அவருக்கு இதே வேல” என்று புது வால்வு போட்டு, காற்றடித்து, தளர்ந்திருந்த பிரேக்கையும் முடுக்கிக் கொடுத்திருக்கிறார். இவன் ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “தம்பி, பழைய பாக்கி இருநூறு நிக்குதுன்னு சார்கிட்ட சொல்லுங்க” என்பதே அவர் எழுப்பிய ஒரே ஆட்சேபம்.

மறுநாள் பணத்தோடு போனேன். எதற்கு இருநூறு என்று கேட்டதும் நோட்டைப் புரட்டினார்.

“டியூப் நூத்தி இருபது. பிரேக் கட்டை அம்பது. தை மாசம் பூட்டு ஒடச்ச கூலி முப்பது.”

“பூட்டா?”

“ஆமா சார், உங்க பழைய வண்டி. நீங்க சாவியத் தொலச்சிட்டீங்கன்னு ஒரு தம்பி நூலகத்துலேர்ந்து பின்சக்கரத்தத் தூக்கிக்கிட்டே வந்தாரே. பாவம், வேர்த்து ஊத்துச்சு. டீ வாங்கிக் குடுத்தேன். அத நான் கணக்குல எழுதல.”