அரவைக்கு முன் ஒரு சர்வீஸ்

சர்க்கரை ஆலைக்காரர்கள் பொறுப்பானவர்கள். அரவைப் பருவம் முடிந்ததும் உருளைகளைக் கழற்றி, கொதிகலனைத் துலக்கி, தேய்ந்த பல்சக்கரங்களை மாற்றி, அடுத்த பருவத்துக்குள் எந்திரத்தைத் தயாராக்கிவிடுவார்கள். செலவு ஆலையுடையது. நடுப்பருவத்தில் எந்திரம் நின்றால் நஷ்டமல்லவா?

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் இன்னொரு சர்வீசும் நடக்கிறது. 2019-இல் மாநில அரசு அமைத்த குழு, அங்கிருந்து கரும்பு வெட்டப் போகும் 82,309 பெண்களை விசாரித்தது. 13,861 பேருக்குக் கர்ப்பப்பை இல்லை. கிழவிகள் அல்ல, பலர் முப்பதுகளில் இருப்பவர்கள், இருபதுகளிலும் உண்டு.

மாதம் மூன்று நாள் மக்கர் பண்ணுகிற பாகத்தை வைத்துக்கொண்டு எப்படி வேலை ஓடும்? கோலாப்பூர், சாங்லி, கர்நாடகம் என்று குடும்பத்தோடு கிளம்பும்போதே முகாதம், அதாவது ஆள்பிடிக்கிற மேஸ்திரி, முன்பணம் கொடுத்திருப்பான். கணவனும் மனைவியும் சேர்ந்து கணக்கில் ஒரே ஒரு ‘கோய்தா’, ஓர் அரிவாள். அரிவாளில் பாதிக்கு வயிற்றுவலி வந்து படுத்துவிட்டால் நாளுக்கு 500 ரூபாய் அபராதம், கடனில் ஏறும். விடியுமுன் வயலில் இறங்கி, வெட்டி, சோகை கழித்து, கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் டிராக்டரில் ஏற்ற வேண்டும். தங்குவது வயலோரத் தார்ப்பாய்க்குள். கழிப்பறை கிடையாது, குளிக்க மறைவும் கிடையாது. மாதவிலக்குத் துணியை அலசிக் காயப்போட இடமில்லாமல் தொற்று வந்து நிற்கிறவளிடம், புற்றுநோய் என்று பயங்காட்டி வயிற்றைக் கிழிக்கத் தனியார் ஆஸ்பத்திரிகள் தயார்.

இந்த சர்வீசுக்குச் செலவு அவளுடையது. கையில் காசில்லையா? முகாதம் தருவான். அதை அடைக்க அடுத்த பருவமும் வந்துதானே ஆகவேண்டும்! நிர்வாகவியல் கல்லூரிகள் இதை இன்னும் பாடமாக வைக்காதது ஏனோ.

விஷயம் நாறியதும் அரசு சும்மா இருக்கவில்லை. மாவட்ட சிவில் சர்ஜனின் அனுமதி இல்லாமல் கர்ப்பப்பையை எடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. அபராதம் பிடிக்க யார் அனுமதியும் வேண்டாம். முன்பணத்தைக் காட்டி ஆளைக் கட்டிவைப்பதைத் தடுக்க 1976-லேயே கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்துவிட்டது. என்ன செய்ய, ஆலைகள் பலவற்றின் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் சட்டம் போடுகிற குடும்பங்கள்தான்.

ஆலையைக் கேட்டால், அவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை, மேஸ்திரியின் ஆட்கள் என்கிறது. மேஸ்திரியின் நோட்டிலோ புருஷன் பேர்தான் இருக்கும். ஆகவே அவள் யாரிடமும் வேலை பார்க்கவில்லை. பொழுது போகாமல் கரும்பு வெட்டிவிட்டு, போகிற போக்கில் கர்ப்பப்பையையும் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள்.