ஸ்க்ரூடிரைவர் பெரியவர்

தெருவில் யாராவது பழைய அம்பாசிடரின் பானெட்டைத் தூக்கினால் போதும், அந்தக் கிறீச் சத்தம் வேறு யாருக்குக் கேட்கிறதோ இல்லையோ, ஸ்க்ரூடிரைவர் பெரியவருக்குக் கேட்டுவிடும். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் பாதியில் கை கழுவிவிட்டு வந்துவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எஞ்சினைப் பார்த்தபடி இரண்டு நிமிடம் பேசாமல் நிற்பார். அன்றைக்கு அவர் பேசாமல் இருக்கும் நேரம் அவ்வளவுதான்.

இவர் இல்லாத ஊர் கிடையாது. பெரும்பாலும் ஓய்வு பெற்றவராக இருப்பார். சொந்தமாகக் கார் இருக்காது. "ஒரு காலத்துல நம்மகிட்டயும் ஃபியட் இருந்துச்சு" என்பார். "அது என் தம்பி வண்டி" என்று வீட்டம்மா உள்ளேயிருந்து திருத்துவார். பேனா இருக்க வேண்டிய சட்டைப்பையில் ஒரு டெஸ்டர் செருகியிருக்கும். கரண்ட் வருகிறதா என்று பார்க்கவும் அதுதான், காரை ரிப்பேர் செய்யவும் அதுதான்.

"தம்பி, ஸ்டார்ட் பண்ணுங்க."

வண்டி ஸ்டார்ட் ஆகிறது. ஓடும்போது பெரிதாகக் குறை சொல்ல முடியாத வண்டிதான்; சிக்னலில் நின்றால்தான் சிக்கல். ஸ்லோ நிற்பதில்லை. மிஸ் அடிக்கிறது. நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றில் சீராக ஓட வேண்டிய எஞ்சின் திக்கித் திணற, கண்ணாடி, ஸ்டீயரிங், ஓட்டுபவரின் கன்னம் எல்லாம் சேர்ந்து ஆடுகின்றன.

பெரியவர் கண்ணை மூடி, டெஸ்டரின் நுனியை எஞ்சின்மேல் ஊன்றி, பிடியில் காதை வைக்கிறார். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் நான்கு சிலிண்டர்; ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் வெடிக்கும். அந்த வரிசையை முணுமுணுக்கிறார். வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் வாய் பிளக்கிறார்கள். தீர்ப்பு வருகிறது:

"கார்புரேட்டர்."

எந்த வண்டிக்கும் இதே தீர்ப்புதான். அதற்குக் காரணம் இருக்கிறது. வால்வு இடைவெளி பார்க்க வேண்டுமென்றால் மூடியைக் கழற்ற வேண்டும், எஞ்சினைக் கையால் சுற்றி வைக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வேண்டும், முக்கியமாக வியர்க்க வேண்டும். கார்புரேட்டரோ கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது. திருகுவதற்கென்றே அதில் ஒரு மிக்சர் ஸ்க்ரூவும் இருக்கிறது. வலது பக்கம் அரைச் சுற்று. "இப்ப எப்படி?" இடது பக்கம் முக்கால் சுற்று. "இப்ப?" எஞ்சின் ஒரு விநாடி நிமிர்கிறது, பெரியவர் முகம் மலர்கிறது. மறு விநாடி பழையபடி திக்குகிறது.

"பெட்ரோல் சரியில்ல தம்பி."

பெட்ரோலில் அந்தந்தக் காலத்துக்கு ஒரு குற்றவாளியை வைத்திருப்பார். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நின்றபோது, "ஈயம் போச்சு, இனி எஞ்சினும் போச்சு" என்றார். அப்புறம் மண்ணெண்ணெய்க் கலப்படம். இப்போது 20 சதவீத எத்தனால். இதில் கொஞ்சம் உண்மையும் இருப்பதுதான் தொல்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும். மாதக்கணக்கில் ஷெட்டில் கிடக்கும் வண்டியில் பெட்ரோல் பிசினாகி ஸ்லோ ஜெட்டின் ஊசித்துளையை அடைக்கும். ஸ்லோவில் த்ராட்டில் ஏறக்குறைய மூடியிருப்பதால், எஞ்சினுக்கு அந்தத் துளைவழி வரும் பெட்ரோல்தான் சாப்பாடு. இத்தனையும் பெரியவருக்குத் தெரியும். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் தொடுவது என்பதுதான் தெரியாது.

மெக்கானிக் வந்து, குனிந்து பார்த்தவுடன் கேட்ட முதல் கேள்வி: "யாருங்க ஸ்க்ரூவுல கை வச்சது?"

பெரியவர் மின்கம்பத்தைப் பார்க்கிறார்.

மெக்கானிக் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறார். அதில் எஞ்சின் சீரானால், எங்கேயோ ஏர் இழுக்கிறது அல்லது ஜெட் அடைத்திருக்கிறது. இங்கே இன்னும் மோசமாகிறது. அடுத்து, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுகிறார். முதல் ஒயரைக் கழற்றியதும் எஞ்சின் தொய்கிறது. அந்த சிலிண்டர் உழைக்கிறது என்று அர்த்தம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றினால் எஞ்சின் கண்டுகொள்ளவே இல்லை. வேலையே செய்யாத குமாஸ்தா லீவு போட்டால் ஆபீசுக்கு என்ன நஷ்டம்?

அந்த பிளக்கை வெளியே எடுத்தால் கரியும் ஈரமும். மற்ற மூன்றும் பிஸ்கட் நிறத்தில் இருக்கின்றன. புது பிளக்கில் 0.025 அங்குல இடைவெளி வைத்துப் போடுகிறார். பாயிண்டைத் துடைத்து 0.015 வைக்கிறார். நோய் தீர்ந்தது. ஆனாலும் வண்டி ஆடுகிறது. அது பெரியவரின் ஸ்க்ரூ செய்த வேலை. பிளக் மாற்றியதைவிட அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் மெக்கானிக்குக் கூட நேரம் ஆகிறது. பில்லில் 'டியூனிங்' என்று தனியாக ஒரு வரி விழுகிறது.

பெரியவர் தோற்றுப்போனார் என்று நினைத்துவிடாதீர்கள். "மூணாவது சிலிண்டர்னு காதுல வச்சப்பவே தெரிஞ்சுது. தம்பிதான் கேக்கல" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்த இனத்துக்கு இப்போது பிழைப்பு குறைந்துவருகிறது. 2014-இல் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டது. இன்றைய காரில் பானெட்டைத் தூக்கினால் பிளாஸ்டிக் மூடிதான் தெரியும்; பெட்ரோல் அளவைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. பெரியவர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, துக்க வீட்டிலிருந்து கிளம்புவதுபோல, சொல்லிக்கொள்ளாமல் போய்விடுகிறார். திருக ஒன்றுமில்லாத எஞ்சின் எஞ்சினே இல்லை என்பது அவர் கட்சி.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்லோ நிற்கவில்லையென்றால் வால்வு, பிளக், பாயிண்ட், டைமிங், ஏர் லீக் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடைசியாகக் கார்புரேட்டருக்கு வாருங்கள். ஸ்க்ரூவைத் தொடுமுன் அது எத்தனை சுற்றில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் பெரியவர் வந்துவிட்டால் விரட்டாதீர்கள், நல்ல மனிதர். ஒரு கையில் காபி டம்ளரும் மறு கையில் முறுக்குத் தட்டும் கொடுத்து உட்கார வையுங்கள். இரண்டு கையும் நிறைந்திருக்கட்டும்.