பேஸ்ட் தடவும் கலை: புதியவர்களுக்குச் சில அரிய யோசனைகள்

சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யக் கிளம்பியவர்கள் ப்ராசஸரை அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம். அது வெறும் 20,000 ரூபாய் சமாச்சாரம். 500 ரூபாய் தெர்மல் பேஸ்டுக்குத்தான் ஒரு வாரமாவது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

டப்பாவின் மேல் 8.5, 12.5 என்று வெப்பம் கடத்தும் எண் போட்டிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு பெரிய எண்ணை வாங்குங்கள். ப்ராசஸர் மூடிக்கும் கூலருக்கும் நடுவே பொடிப்பொடிப் பள்ளங்களில் நிற்கிற காற்றை வெளியேற்றுவதுதான் பேஸ்டின் வேலை, காற்றின் எண் 0.026தான், அதனால் சுமாரான பேஸ்டே போதும், மிஞ்சினால் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் வரும் என்று யாராவது குறுக்கே பேசுவார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதை வைத்துக்கொண்டு நண்பர்களிடம் எப்படி அலட்டிக்கொள்வது?

இன்னும் கெத்து வேண்டுமா? பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் இருக்கிறது. அதிலுள்ள காலியம் அலுமினியக் கூலரை அரித்துவிடும். ஒரு சொட்டு மதர்போர்டில் சிந்தினால் ஷார்ட் ஆகும். செலவு செய்ய ஒரு காரணம் கிடைத்த மாதிரியும் ஆயிற்று.

அடுத்தது அளவு. "பட்டாணி அளவு" என்பார்கள். காய்ந்த பட்டாணியா, ஊறப்போட்டதா என்று யாரும் சொல்வதில்லை. பெருக்கல் குறி போடுவோர், கோடு இழுப்போர், பழைய ஏடிஎம் கார்டால் வழித்துப் பரப்புவோர் என்று கட்சிகள் வேறு. ஏதாவது ஒன்றில் சேர்ந்து மற்றவர்களைத் திட்டுங்கள். சாதாரண அளவு ப்ராசஸரில், ஸ்க்ரூவை மூலைக்கு மூலை மாற்றி முடுக்கும்போது எல்லாக் கட்சியும் நசுங்கிப் பரவி ஏறக்குறைய ஒன்றாகிவிடும். இந்த ரகசியத்தை வெளியே சொல்லாதீர்கள்.

முக்கியமான கட்டம் இனிமேல்தான். கூலரின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமல் அப்படியே மாட்டுங்கள். கேம் திறந்த சில நிமிடங்களில் சூடு 95 டிகிரியைத் தொடும். ப்ராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பழியைப் பேஸ்டின் மேல் போட்டுவிட்டு, இன்னும் பெரிய எண் போட்ட ட்யூபுக்கு ஆர்டர் கொடுக்கலாம்.

கழற்றும்போதும் வீரம் வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டாக இருந்தால் கூலரைப் பிடித்து நேராக ஒரே இழுப்பு. காய்ந்து இறுகிய பேஸ்ட் விடாது; லீவர் பூட்டியிருந்தாலும் ப்ராசஸர் தன் 1331 பின்களோடு கூடவே பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு வளைந்த பின்களை ஒவ்வொன்றாக ஊசியால் நிமிர்த்திக்கொண்டு உட்காரலாம். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுப்பதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளின் வழி.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் வரை போகிறவர்கள் பழைய பேஸ்டைத் துடைக்க ஐசோப்ரொபைல் ஆல்கஹால் ஒரு பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். தெர்மல் பேஸ்டுக்குப் பதில் வீட்டிலேயே பற்பசை இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும். ஈரம் காய்ந்ததும் சூடு ஏற ஆரம்பிக்கும்.