வைஸ் செய்ய ஒரு வைஸ் வேண்டும்

டிரில்லிங் மெஷினில் துளை போடும்போது ஆபத்து ஆரம்பத்தில் வராது. பிட் மறுபக்கம் எட்டிப் பார்க்கும் கடைசி அரை மில்லிமீட்டரில் வரும். அதுவரை சாதுவாகச் சுருள் சுருளாகச் சீவிக்கொண்டிருந்த பிட், மிச்சமிருக்கும் மெல்லிய ஓரத்தை லபக்கென்று கவ்வும். கையால் பிடித்திருந்தால் தகடும் சுழலும், விரலும் சுழலும். அதற்காகத்தான், துளை போடும் ஜாப்பை இரண்டு தாடைகளுக்கு நடுவே திருகால் இறுக்கிப் பிடிக்கும் வைஸ்.

கடையில் நல்ல வார்ப்பிரும்பு வைஸே கிடைக்கிறது. ஆனால் ஊருக்கெல்லாம் மோட்டாரும் பம்புசெட்டும் செய்து அனுப்பும் கோயமுத்தூரில் இருந்துகொண்டு, ஒரு வைஸைக் காசு கொடுத்து வாங்கினேன் என்று பக்கத்து லேத் பட்டறைக்காரரிடம் சொல்ல முடியுமா? உக்கடத்துப் பழைய இரும்புக் கடையில் ஆங்கிள், பட்டை, நீளமான போல்ட் எல்லாம் எடைக்கு வாங்கினேன்.

வைஸ் செய்ய ஆங்கிளில் துளை போட வேண்டும். துளை போட ஆங்கிளை வைஸில் பிடிக்க வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கணக்கு. இரண்டு சி கிளாம்ப்கள் புரோகிதம் பார்த்து வைத்தன.

எம்12 மரைக்கு 10.2 மில்லிமீட்டர் துளை. மரை வெட்டும் டேப்பை அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே திருக வேண்டும். அப்போதுதான் சீவல் உடையும், டேப் உடையாது. நடுநடுவே தேங்காயெண்ணெய். பாட்டில் பட்டறைக்கு வந்த வழி பற்றி வீட்டில் இன்னும் விசாரணை நடக்கிறது.

வைஸ் தயார். ஆனால் முடுக்க முடுக்க, நகரும் தாடை தலையைத் தூக்கியது. ஜாப்பும் கூடவே எழுந்தது. திருகு தாடையின் அடிப்பக்கத்தில் தள்ளுகிறது, ஜாப் மேல்பக்கத்தில் எதிர்க்கிறது, தாடை மல்லாக்கச் சாய்கிறது. விலை கொடுத்து வாங்கும் வைஸ்களுக்கும் இந்தக் குணம் ஓரளவு உண்டு என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். தாடைக்கு அடியில் ஒரு பட்டையைக் கோத்து, ஆங்கிளின் கீழ்ப்பக்கத்தோடு ஒட்டி ஓடவிட்டதும் அடங்கியது. மிச்சத்துக்கு ஜாப்பின் தலையில் மரச் சுத்தியலால் ஒரு தட்டு.

முதல் ஆர்டர் அம்மாவிடமிருந்து: அகப்பைக்காகக் கொட்டாங்குச்சியில் இரண்டு துளை. தட்டைத் தாடையில் உருண்டைக் கொட்டாங்குச்சி நிற்குமா? வழுக்கிக்கொண்டு ஓடியது. “இரும்பைப் பிடிக்குமாம், கொட்டாங்குச்சியைப் பிடிக்காதாம். இதுக்கு இத்தனை எண்ணெயா?” என்றார்.

நீங்களும் செய்வதானால் செய்யுங்கள். வாங்கினதோ செய்ததோ, வைஸை மேஜையோடு போல்ட் போட்டு முடுக்கிவிடுங்கள். கையுறை மட்டும் வேண்டாம். சுழலும் பிட் அதைக் கவ்வினால் கையையும் சேர்த்தே இழுக்கும்.