டியூக்ஸ்பரியில் நல்லபடியாகச் சாவது எப்படி?

எந்தப் பக்கம் சேர்வது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். இங்கிலாந்தில் 15ஆம் நூற்றாண்டுப் போர்களை நடித்துக் காட்டும் குழுக்களில் புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் ஜெயிக்கிற பக்கமாகப் பார்த்துப் போய் நின்றுகொள்கிறார்கள். விவரம் தெரியாதவர்கள். ஜெயிக்கிறவன் கடைசி வரைக்கும் சண்டை போட வேண்டும். முடிந்ததும் தோற்றவனைத் துரத்த வேண்டும். அதுவும் ஜூலை வெயிலில், இருபது கிலோவுக்கு மேல் இரும்பைச் சுமந்துகொண்டு, மேடு பள்ளமான புல்வெளியில். தோற்கிறவனுக்கு இந்த வம்பெல்லாம் கிடையாது. செத்து, புல்லில் காலை நீட்டிவிடலாம்.

ஆகவே டியூக்ஸ்பரி என்றால் லங்காஸ்டர் பக்கம்; ஆங்கில அரியணைக்காக யார்க் குடும்பத்தோடு அடித்துக்கொண்ட குடும்பம் அது. கண்ணை மூடிக்கொண்டு பெயரைக் கொடுக்கலாம். 1471 மே 4ஆம் தேதி, ஆறாம் ஹென்றியின் மனைவி மார்கரெட் திரட்டிவந்த லங்காஸ்டர் படையை நான்காம் எட்வர்டின் யார்க் படை இந்த ஊரில் வைத்து நொறுக்கியது. அவளுடைய ஒரே மகன், 17 வயது இளவரசன், அன்றே செத்தான். ஒவ்வொரு ஜூலையிலும் ஊரே கொடி கட்டி, கடை போட்டு, இந்தப் போரை மறுபடி நடத்துகிறது. ஒவ்வொரு ஜூலையிலும் லங்காஸ்டரே தோற்கிறது. இவ்வளவு நிச்சயமான சாவு வேறெங்கும் கிடைக்காது.

ஆனால் இதையே எல்லா ஊருக்கும் சூத்திரமாக வைத்துக்கொள்ளாதீர்கள். வேக்ஃபீல்டு, 1460 என்றால் யார்க் பக்கம் போக வேண்டும். அடுத்த சில வாரங்களில் நடந்த இரண்டாம் செயின்ட் ஆல்பன்ஸுக்கும் யார்க்தான். அதற்கடுத்த டௌட்டனுக்கு மறுபடி லங்காஸ்டர். நம்மூர் அரசியல் கூட்டணிகளைத் தொடர்ந்து கவனித்துவரும் வாசகருக்கு இதில் சிரமம் இருக்காது.

சரி, சாமான்கள். வாளை முதலில் வாங்கத் துடிப்பீர்கள். வாங்காதீர்கள். இரண்டு கைப் பிடி கொண்ட நீண்ட வாள் சுமார் ஒன்றே கால், ஒன்றரைக் கிலோதான் இருக்கும். சினிமாவில் நாயகன் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் கையில் வாங்கியதும் ஏமாற்றமாக இருக்கும். அதைவிடப் பெரிய ஏமாற்றம், நல்ல எஃகுத் தகட்டுக் கவசத்தை அந்த வாளால் வெட்டவே முடியாது என்பது. பழைய ஆட்கள் இதைத் தெரிந்துதான் வேறு வழிகள் வைத்திருந்தார்கள். வாளின் நடுப்பகுதியை இடது கையால் பற்றி, ஈட்டிபோல் அக்குளிலும் முகமூடி இடுக்கிலும் செருகுவது ஒன்று. வாளையே தலைகீழாகப் பிடித்து, கைக்காப்பைச் சுத்தியலாக்கி மண்டையில் போடுவது இன்னொன்று. களத்தில் இந்த இரண்டையும் உங்களை யாரும் செய்ய விடமாட்டார்கள். முகத்தை நோக்கிக் குத்தக் கூடாது, ஓங்கியதை முழு வேகத்தில் இறக்கக் கூடாது, மழுங்கல் வாளே என்றாலும் கையை அடக்கித்தான் அடிக்க வேண்டும் என்று காலையிலேயே ஒருவர் வரிசையில் நிறுத்தி ஒப்பிக்க வைப்பார். அப்புறம் எதற்கு வாள்? ஒரு பில் போதும். ஆளுயரத்துக்கு மேல் நீண்ட கம்பு, நுனியில் கொக்கியும் வெட்டுவாயும். நம் முருங்கை மரத்துத் துறட்டிக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். ஆங்கிலேயச் சாதாரணப் படைவீரனின் ஆயுதமும் அதுதான். சாய்ந்து நிற்கவும் உதவும்.

வாள்கலை படித்தே தீருவேன் என்பவர்களுக்குப் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஃபியோரே என்ற இத்தாலியர் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் படங்களோடு எழுதிவைத்தார். அதில் நீண்ட கோடரி ஒன்றின் தலையைக் குடைந்து, உள்ளே காரப் பொடியை நிரப்பி, எதிரியின் கண்ணில் தூவும் யோசனையும் உண்டு. ஜெர்மனியில் கிளாடியாத்தோரியா என்று அழைக்கப்படும் சுவடிகளில், வாள்பிடியின் குமிழைத் திருகிக் கழற்றி எதிரி மேல் எறிந்துவிட்டுப் பாயச் சொல்கிறார்கள். கழற்றும்வரை எதிரி என்ன செய்துகொண்டிருப்பான் என்பதைப் பற்றிச் சுவடிக்குக் கவலையில்லை. டால்ஹோஃபர் 1467இல் செய்த நூலில் கணவன் மனைவி வழக்கைச் சண்டையில் தீர்க்கும் முறை படம் படமாக வருகிறது. கணவன் இடுப்பளவு குழிக்குள், கையில் தடியோடு. மனைவி வெளியே, முந்தானை போன்ற துணியில் கல்லை முடிந்து சுழற்றிக்கொண்டு. இந்தப் பக்கங்களை மட்டும் வீட்டில் திறந்தபடி வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

காசைப் போட வேண்டியது துணியில். பிரான்சின் பதினொன்றாம் லூயி தன் வீரர்களுக்குச் சட்டைக்கு 25 முதல் 30 மடிப்புத் துணி, மேலே மான்தோல் என்று விதித்தார். சிரிக்க வேண்டாம், அதுதான் ஏழை வீரனின் கவசம்; அடியையும் வாங்கும், அம்பையும் ஓரளவு தடுக்கும். அதை அணிந்துகொண்டு ஜூலையில் நிற்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் வீட்டம்மா கேட்பார்: “மெட்ராஸ் வெயில் வேண்டாம்னுதானே இங்க வந்தோம்?” பதில் சொல்லாமல் ஊசியில் நூல் கோக்கவும். ஏனென்றால் வெளியே தெரிகிற தையல் எல்லாம் கையால் போட்டதாக இருக்க வேண்டும். குழுவுக்கு ஒருவராவது இதைச் சரிபார்ப்பவர் இருப்பார். நான் அவரைத் தையல் போலீஸ் என்பேன். கைக்கடிகாரம், ஜிப், மூக்குக்கண்ணாடி, ரப்பர் அடிப்பாதம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. போரில் உங்களைக் கொல்ல வருபவன் ஒரு நொடிதான் முறைப்பான். இவர் நாள் முழுக்க முறைப்பார்.

அவர் ஒருநாள், “இந்த நிறத்தில் ஒருவன் இடைக்கால ஐரோப்பாவில் ஏது?” என்றும் நாசூக்காக ஆரம்பிக்கக் கூடும். மாக்டெபர்க் தேவாலயத்தில் நிற்கும் புனித மொரீஸ் சிலையைப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். 13ஆம் நூற்றாண்டுச் சிலை. தலை முதல் வளையக் கவசம், முகம் அச்சு அசலாக ஆப்பிரிக்க முகம். அதற்கும் மசியாவிட்டால் முகமூடியை இறக்கிக்கொள்ளுங்கள். இரும்புக்குள் எல்லாரும் ஒரே நிறம்.

முகாம் சமையலிலும் அவர் வருவார். 1471 என்றால் கொலம்பஸுக்கு முன்பு. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் ஐரோப்பாவில் கிடையாது. நம்மவர்கள் இந்த இடத்தில் சோர்ந்துபோகிறார்கள். சோர வேண்டாம். மிளகு இருந்தது, லண்டன் மிளகு வணிகர்களுக்கு 12ஆம் நூற்றாண்டிலேயே தனிச் சங்கம் இருந்தது, அவர்கள் விற்றதும் நம் மேற்குக் கரைச் சரக்குதான். சீரகமும் கொத்தமல்லியும் ஆங்கிலச் சமையலில் உண்டு. புளியை ஐரோப்பிய வைத்தியர்கள் பேதி மருந்தாக அறிந்திருந்தார்கள். ஆக, தக்காளி போடாத மிளகு ரசத்தை மண்சட்டியில் வைத்துவிட்டு, மருந்து என்று சொன்னால் சட்டம் உங்கள் பக்கம்.

இனி, பூட்டிக்கொள்வது. வசதிப்பட்டு முழுத் தகட்டுக் கவசமே வாங்கிவிட்டவர் கவனிக்கவும்: காலில் தொடங்கி மேலே போக வேண்டும். கழிப்பறை வேலையை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும், ஏனென்றால் தொடைக் கவசம் உள்சட்டையின் நுனியில் நாடாவால் தொங்குகிறது. மெழுகு தடவிய அந்த நாடாக்களைப் பின்பக்கம் நீங்களே கட்ட முடியாது, அவிழ்க்கவும் முடியாது. கால், தொடை, வளையப் பாவாடை, மார்பு, முதுகு, இரண்டு கை, பிறகு தோள். ஒரு பையன் உங்களைச் சுற்றிச் சுற்றி வந்து முடிச்சுப் போடுவான். அவன் ஒரு முடிச்சை விட்டுவிட்டானா என்பது நூறு அடி நடந்ததும் தெரியும். தொடைத்தகடு சரிந்து, முழங்கால் மூட்டின் சிறகு அடுத்த காலில் இடிக்கும். தாடைக் காப்பு, தலைக்கவசம், எல்லாவற்றுக்கும் பிறகே இரும்புக் கையுறை. கையுறை ஏறியதும் மூக்கு அரிக்கும். இதற்கு விதிவிலக்கே இல்லை. அந்தப் பையனிடம் அன்பாக இருங்கள்.

முகமூடியை இறக்கினால் உலகம் ஒரு விரல் அகலக் கீற்று. காலடி தெரியாது, பக்கவாட்டில் வருபவன் தெரியான், உங்கள் மூச்சு உங்கள் முகத்திலேயே திரும்ப அடிக்கும். 2011இல் லீட்ஸ் பல்கலைக்கழகத்தினர் கவசம் பூட்டிய ஆட்களை டிரெட்மில்லில் ஓடவிட்டு அளந்தார்கள். சும்மா நடப்பதற்கே இரு மடங்கு சக்தி செலவாகிறது. முதுகில் மூட்டையாகச் சுமந்தால்கூட இவ்வளவு ஆகாது. காலில் மாட்டிய இரும்பை ஒவ்வொரு அடிக்கும் வீச வேண்டியிருக்கிறது, மார்புத்தகடோ மூச்சை முழுசாக இழுக்க விடுவதில்லை. சீக்கிரம் சாக வேண்டும் என்று நான் படித்துப் படித்துச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது முக்கியமான கட்டம். முதல் மோதலிலேயே விழாதீர்கள். காசு கொடுத்து வந்தவர்களுக்கு மரியாதையாக இருக்காது. வில்லாளிகள் தொடங்கும்போது விழலாம். ரப்பர் குமிழ் பொருத்திய அம்பு, வில்லும் லேசானது. 1545இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த விற்களை இழுக்க நூறு பவுண்டுக்கு மேல் பலம் வேண்டும் என்கிறார்கள். இன்றைய களத்து வில்லை உங்கள் பத்து வயது மகள் இழுப்பாள். அம்பு அருகே விழுந்தாலே போதும், தொண்டையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

விழுவதற்கு முன் இடத்தைப் பாருங்கள். காஞ்சொறிச் செடி இல்லாத இடம், குதிரை வராத இடம், மாலை நிழல் வந்து சேரும் இடம். பில்லை முதலில் தள்ளி வைத்துவிட்டு விழுங்கள். அதன் மேல் விழுந்தால் நிஜமாகவே இந்தக் கட்டுரையின் தலைப்பு பலித்துவிடும். குப்புற விழுவது உத்தமம். மல்லாந்தவன் முகத்தில் வெயில் அடிக்கும், குறட்டையும் வரும். பக்கத்துப் பிணத்தோடு பேசலாம், உதடு அசையாமல். கிரிக்கெட் ஸ்கோர் கேட்காதீர்கள்.

தாகம் எடுத்தால் என்ன செய்வது? களத்துக்குள்ளேயே தண்ணீர் எடுத்துக்கொண்டு ஆட்கள் சுற்றுவார்கள், பிணங்களுக்கும் தருவார்கள். டௌட்டனில் இந்த வசதி இல்லை. டேக்கர் பிரபு தண்ணீர் குடிக்கத் தலைக்கவசத்தைக் கழற்றியபோது அம்பு தைத்துச் செத்தார் என்று அந்தப் பக்கம் சொல்வார்கள். அவர் கல்லறை சாக்ஸ்டன் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. அதே டௌட்டன் களத்தருகே 1996இல் தோண்டிய குழியில் கிடைத்த எலும்புக்கூடுகளிலும் காயங்கள் பெரும்பாலும் மண்டையில்தான். 2012இல் லெஸ்டர் நகரின் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் அகப்பட்ட, போரில் செத்த மன்னர் மூன்றாம் ரிச்சர்டுக்கு எலும்பில் பதிந்த காயம் 11. அதில் 9 தலையில். அவர் தலைக்கவசத்தை எப்படியோ இழந்திருந்தார். ஆகவே எவ்வளவு புழுங்கினாலும், செத்த பிறகுகூட, தலைக்கவசத்தைக் கழற்றாதீர்கள். ஓடி வருகிறவனுக்கும் கீற்று வழியாகத்தான் உலகம் தெரிகிறது.

ஓடித்தான் ஆக வேண்டும் என்று நடத்துபவர்கள் சொன்னால் ஓடலாம், ஆனால் மடத்துத் தேவாலயத்துக்குள் போய் ஒளியக் கூடாது. 1471இல் தோற்ற லங்காஸ்டர் தளபதி சாமர்செட் பிரபு அப்படித்தான் புகுந்தார். இரண்டு நாள் கழித்து வெளியே இழுத்துவந்து, ஒப்புக்கு ஒரு விசாரணை நடத்தி, சந்தை முனையில் தலையை எடுத்தார்கள். போர் முடிந்த பிறகு, சாதா உடுப்பில் போய்ப் பாருங்கள். அங்கே ஒரு உள்ளறைக் கதவின் பின்புறம் முழுக்க இரும்புத் தகடுகளை அடித்துப் பொருத்தியிருக்கிறார்கள். களத்தில் பொறுக்கிய கவசத் துண்டுகள் என்கிறார்கள். சிலதில் அம்பு துளைத்த மாதிரி ஓட்டைகள். நம் செலவைப் பற்றிக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று யோசிக்கலாம்.

அறிவிப்பாளர் பிணங்களை எழுந்திருக்கச் சொல்வார், கூட்டம் கை தட்டும், நீங்களும் எழுந்துகொள்ளலாம். அன்றிரவே வளையக் கவசத்தைத் துடைத்து எண்ணெய் போட வேண்டும். விட்டால் வியர்வை உப்பு பட்ட இடமெல்லாம் காலையில் செம்மண் நிறம். அந்தக் காலத்தில் மணலும் வினிகரும் போட்டுப் பீப்பாயில் அடைத்து உருட்டினார்களாம். வாடகை வீட்டில், அதுவும் மாடியில் குடியிருப்பவர் இதைச் செய்ய வேண்டாம்.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலைக் கடையில் டீ குடிக்க இறங்குவீர்கள். வாள் வாங்கியிருந்தால் டிக்கியிலேயே பூட்டி வையுங்கள்; தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் அதை எடுத்துப் போவது அந்த நாட்டில் குற்றம், மழுங்கல் என்று கான்ஸ்டபிளுக்கு விளக்கி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். கவசத்தோடு இறங்கத் தடை ஒன்றும் இல்லை. நாடாளுமன்றத்துக்கு மட்டும் அப்படியே போய்விடாதீர்கள்: அங்கே கவசம் அணிந்து வரக் கூடாது என்று 1313இல் போட்ட சட்டம் இன்னும் ரத்தாகவில்லை.